நல்ல நாள் ஒன்றும் நினைவில் இல்லையே!

மனிதனுக்கு அரபியில் ‘இன்ஸான்’ என்று பெயர். இச்சொல் எந்த வேரிலிருந்து பிறந்தது என்பதில் மொழியறிஞர்களிடையே இரண்டு கருத்துகள் உண்டு. ‘உன்ஸ்’, அதாவது பழகுதல், நேசம் கொள்ளுதல் என்பதிலிருந்து வந்தது என்பார் சிலர். ‘நிஸ்யான்’, அதாவது மறதி என்பதிலிருந்து வந்தது என்பார் வேறு சிலர். எது சரி என்று முடிவு கட்டுவது நமது வேலையன்று. நேசித்த நாட்களையே மறதி கொண்டு போய்விடுகிற ஒரு நோயைப் பற்றி இம்மாதம் எழுத இருப்பதால், இவ்விரண்டு சொற்களையும் தொடக்கத்திலேயே வாசகர்கள் முன் வைத்தோம்.

நாசரேத் ஊரை நம் வாசகர்களில் பலர் அறிவார்கள். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் ரயில் பாதையில், ஆழ்வார்திருநகரியைத் தாண்டியதும் வருவது. சுற்றிலும் பனங்காடு. கிறிஸ்தவப் பாதிரிமார் வைத்த பெயர். மர்யம் (அலை) அவர்களின் ஊர் என்று அவர்களுடைய வேதம் கூறும் ஊரின் பெயர் அது. 19ஆம் நூற்றாண்டிலேயே பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் ஏற்பட்டுவிட்ட ஊர்.

அவ்வூரில் மளிகையும் கருப்பட்டியும் விற்கும் ஒரு சகோதரரின் வீட்டுக்கு 2024-ல் நாம் போக நேர்ந்தது. (இன்னாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறோம்.) அவருடைய மனைவி உடன்குடியில் பிறந்தவர். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். ஆறு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. சோற்றைக் கண்டால் வெறுப்பு. முஸல்லாவில் உட்கார்ந்தால் எத்தனை ரக்அத் ஆயிற்று என்று தெரியாமல் அழுகை. பேரப்பிள்ளை வந்து மடியில் விழுந்தாலும் கை எழும்பவில்லை. இவையெல்லாவற்றையும் கணவர் பொறுத்துக்கொண்டார். ஒன்றை மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை.

“இந்த வீட்டுக்கு வந்து முப்பது வருசம் ஆச்சு. ஒரு நல்ல நாள்கூட நான் கண்டதில்லே” என்று அந்த அம்மையார் வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

கணவர் நம்மைத் தனியே அழைத்துச் சென்றார். கண்கள் சிவந்திருந்தன. “ஆலிம்சா, ஆயுள் முழுக்க உபகாரம் செஞ்சாலும், ஒரு குறை கண்டதும், உங்கிட்ட ஒரு நன்மையும் கண்டதில்லேன்னு சொல்ற பெண்களைப் பத்தி ஹதீஸ் இருக்குதே. நான் அதைத்தானே கண்ணால பாத்துக்கிட்டிருக்கேன்?” என்று கேட்டார்.

அவர் குறிப்பிட்ட ஹதீஸ் ஸஹீஹானது. மிம்பர்களில் அடிக்கடி கேட்பது. நாமும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். ஆனால் அன்று அவ்வீட்டு முற்றத்தில் அது தவறான இடத்தில் வைக்கப்பட்டிருப்பதாக நமக்குப் பட்டது. நாம் ஒன்று கேட்டோம்: “நோய் வருவதற்கு முன்பு அவர் இப்படிப் பேசுவாரா?”

சற்று யோசித்துவிட்டு, “இல்லே. யாரு வந்தாலும் கல்யாணக் கதையைச் சொல்லாம விடமாட்டா. மழையில மாப்பிள்ளை ஊர்வலம் நின்னுபோனதை நூறு தடவை சொல்லியிருப்பா” என்றார்.

நூறு தடவை சொன்ன கதை இப்போது எங்கே போயிற்று? அதைத்தான் இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறோம்.

பேரேடும் சிட்டையும்

மனச்சோர்வு நோய் என்று மருத்துவர்கள் சொல்வதும், ‘டிப்ரஷன்’ என்று பத்திரிகைகள் எழுதுவதும் ஒன்றே. சாதாரணத் துக்கம் வேறு, இது வேறு. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியரில் சுமார் 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையேனும் இந்நோய்க்கு ஆளாகிறார். ஒரு ஜும்ஆவுக்கு நானூறு பேர் வரும் பள்ளிவாசலை நினைத்துப் பாருங்கள். அந்த ஸஃப்புகளில் இருபது பேர் இதை அறிந்தவர்களாக இருப்பார்கள். வாய்விட்டுச் சொன்னவர்கள் இரண்டு பேர்கூட இருக்கமாட்டார்கள்.

இந்நோயில் தூக்கமும் பசியும் கெடுவதை எல்லாரும் அறிவர். நினைவு கெடுவதை அறிந்தவர் குறைவு. வயோதிகத்தில் வரும் மறதியைப் போன்றதன்று இது. வீட்டு முகவரியும் பிள்ளைகளின் பெயரும் வெளிநாட்டிலிருக்கும் மகனின் டெலிபோன் எண்ணும் நினைவிருக்கும். தன் சொந்த வாழ்வின் குறிப்பிட்ட நாட்கள் மட்டும் கைக்கு எட்டா.

இதைத் தெளிவாகக் கண்டவர் மார்க் வில்லியம்ஸ் என்னும் ஆங்கில மனநூலறிஞர். 1986-ல் கேம்பிரிட்ஜில் அவரும் பிராட்பென்ட் என்பவரும், தற்கொலைக்கு முயன்று உயிர் தப்பியவர்களிடம் ஓர் எளிய சோதனை நடத்தினார்கள். ‘மகிழ்ச்சி’, ‘பத்திரம்’ போன்ற ஒரு சொல்லைக் கொடுத்து, அச்சொல் நினைவூட்டும் குறிப்பிட்ட ஒரு நாளின் நிகழ்ச்சியைச் சொல்லும்படி கேட்டார்கள். நலமாயிருப்பவர், ‘போன பெருநாளைக்கு மறுநாள் என் மகள் முதன்முதலாக நடந்தாள்’ என்பதுபோல் ஒரு நாளைச் சொல்லிவிடுவார். நோயுற்றவர்களோ, ‘பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது’ என்றும், ‘வெளியூர் போனால்’ என்றும் பொதுப்படையாகச் சொல்லி நின்றுவிட்டார்கள். இன்னும் தெளிவாக ஒரு நாளைச் சொல்லுங்கள் என்று தூண்டினாலும் அவர்களுக்கு அது வரவில்லை. இதன்பின் பல நாடுகளில், பல மொழிகளில் இதே சோதனை நடத்தப்பட்டு, மனச்சோர்வு நோயாளிகளிடம் இத்தன்மை மீண்டும் மீண்டும் காணப்பட்டது.

நம்மில் கடை வைத்திருப்பவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். அன்றாட வரவு செலவைத் தேதிவாரியாக எழுதுவது சிட்டை. அதிலிருந்து கூட்டிப் பெயர்வாரியாக ஏற்றுவது பேரேடு. மனிதனின் நினைவிலும் இப்படி இரண்டும் இருக்கின்றன. ‘என் வாப்பா அன்பானவர்’ என்பது பேரேட்டுத் தொகை. ‘எனக்குக் காய்ச்சல் வந்த இரவில் வாப்பா தூங்காமல் விசிறினார்’ என்பது சிட்டை வரி. நோய் வந்தவருக்குச் சிட்டையின் தாள்கள் ஒட்டிக்கொள்கின்றன. பேரேட்டின் கடைசித் தொகை மட்டும் திறந்து கிடக்கிறது. அந்தத் தொகையையும் நோயே எழுதிவிடுகிறது: என் வாழ்க்கையே பாழ், நான் யாருக்கும் பயன்படாதவள், ஒரு நல்ல நாளும் இல்லை. சரிபார்க்கலாம் என்று சிட்டையைப் புரட்டினால் தாள் பிரிவதில்லை.

ஏன் ஒட்டிக்கொள்கின்றன? அறிஞர்கள் கூறும் காரணங்கள் மூன்று. ஒரு நாளை நினைவில் தேடும்போது பொதுவான எண்ணத்திலிருந்து படிப்படியாக இறங்கி அந்த நாளுக்கு வர வேண்டும். நோயாளி இறங்கும் வழியிலேயே ‘நான் ஏன் இப்படி ஆனேன்’ என்ற எண்ணச் சுழல் பிடித்துக்கொள்கிறது. இரண்டாவதாக, குறிப்பிட்ட நாட்களில் புண்படுத்தும் நாட்களும் இருப்பதால், அவற்றுக்கு அஞ்சி மனம் பொதுவான இடத்திலேயே தங்கப் பழகிவிடுகிறது. சிறு வயதில் பெரும் துன்பம் கண்டவர்களிடம் இது அதிகம் என்பார்கள். மூன்றாவதாக, தேடுவதற்கு வேண்டிய தெம்பே மூளையில் குறைந்துவிடுகிறது. இவற்றோடு, வாடிய மனத்துக்கு வாடிய நினைவுகளே முந்திக்கொண்டு வரும் என்பதை அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கோர்டன் பவர் என்பவர் 1981-ல் எழுதிக்காட்டினார்.

‘நான் யார்’ என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் தம் நினைவிலிருந்தே விடை எடுக்கிறோம். நல்ல உம்மாவாக இருந்தேன், சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன் என்பதற்குச் சாட்சி சொல்ல வேண்டியவை அந்தக் குறிப்பிட்ட நாட்கள்தாம். சாட்சிகள் வராத வழக்கில் தீர்ப்பு எப்படியிருக்கும்? நோயாளி தம்மைப் பற்றிச் சொல்லும் கொடுஞ்சொற்கள் அப்படி வந்த தீர்ப்புகளே. அதுமட்டுமின்றி, நாளையை எண்ணிப் பார்ப்பதற்கும் நேற்றைய நாட்களே மூலப்பொருள். கடந்துபோன ஒரு பெருநாளைத் தெளிவாகக் காண முடியாதவருக்கு வரப்போகும் பெருநாளையும் காண முடிவதில்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் நுழைகிற வாசல்களில் இதுவும் ஒன்று.

இப்போது நாசரேத்துச் சகோதரரின் கேள்விக்குத் திரும்புவோம். அந்த ஹதீஸ் கண்டிப்பது நன்றி மறுத்தலை. உபகாரம் நினைவிலிருந்தும் கோபத்தில் அதை இல்லையென்று சொல்வது மறுத்தல். நினைவில் கைவிட்டுத் தேடி, கை வெறுமையாகத் திரும்பியவள் ‘இல்லையே’ என்று அழுவதை அந்தக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது? காய்ச்சல்காரன் சோறு கசக்கிறது என்றால் ஆக்கியவளை ஏசுகிறான் என்று யாரும் கொள்வதில்லை. அவருக்கு நாம் இதைத்தான் கூறினோம். உடனே அவர் ஒப்புக்கொண்டார் என்று எழுதினால் பொய்யாகும். முப்பது வருடம் உழைத்தவருக்கும் மனம் உண்டல்லவா!

பழி சொல்லாத ஆறுதல்

மன வேதனையைக் கண்டதும் ஈமான் குறைவு என்று சொல்லிவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. திருக்குர்ஆனில் வேதனைப்பட்டவர்களிடம் எப்படிப் பேசப்பட்டது என்பதைக் கவனித்தால் இவ்வழக்கத்துக்கு அங்கே இடமில்லை என்பது விளங்கும்.

மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில், இதற்கு முன்பே இறந்து, அடியோடு மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா என்று ஏங்கியதை 19ஆம் அத்தியாயத்தில் காண்கிறோம். அவர்களுக்குக் கிடைத்த பதில் கவலைப்பட வேண்டாம் என்ற சொல்லும், காலடியில் ஊற்று நீரும், பேரீச்ச மரத்தின் பழங்களுமே. ஒரு வசைச்சொல்கூட இல்லை. யஃகூப் (அலை) அவர்கள் மகனை நினைத்து நினைத்துக் கண்கள் வெளுத்துப் போனார்கள். ஓயாமல் யூஸுஃபையே நினைக்கிறீர்களே என்று குறை சொன்னவர்கள் சுற்றியிருந்தவர்கள்தாம்.

நமது பொருளுக்கு எல்லாவற்றிலும் நெருக்கமானது 93ஆம் அத்தியாயமாகிய ‘வள்ளுஹா’. வஹீ சிறிது காலம் வராதிருந்தபோது, உம்முடைய இறைவன் உம்மைக் கைவிட்டுவிட்டான் என்று விரோதிகள் எள்ளினார்கள். நபி (ஸல்) அவர்கள் மனம் வருந்தினார்கள். (அது நோய் என்று நாம் கூறவில்லை, அப்படி எவரும் எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஆறுதல் சொல்லப்பட்ட முறையையே இங்கே பார்க்கிறோம்.) அல்லாஹு தஆலா, கைவிடவில்லை என்று கூறியதோடு நிறுத்தாமல், நபியவர்களின் சொந்த வாழ்விலிருந்தே மூன்று நிலைகளைக் கேள்வியாக நினைவூட்டுகிறான். அநாதையாயிருந்ததையும் புகலிடம் கிடைத்ததையும், வழியைத் தேடி நின்றதையும் வழி காட்டப்பட்டதையும், தேவையுடையவராயிருந்ததையும் நிறைவு அளிக்கப்பட்டதையும் எடுத்துரைக்கிறான். புகலிடம் என்னும்போது பாட்டனார் அப்துல் முத்தலிபும் பெரிய தந்தை அபூதாலிபும், நிறைவு என்னும்போது கதீஜா (ரலி) அவர்களும் மனக்கண்ணில் வருகிறார்கள். முகமுள்ள மனிதர்கள், நடந்த சம்பவங்கள்! ‘திக்ர்’ என்ற சொல்லுக்கே நினைவுகூர்தல், எடுத்துச் சொல்லுதல் என்ற இரு பொருளும் உண்டு என்பதை மதரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள்.

நம் முன்னோர்களில் இத்துறையை அறிந்து எழுதியவர் அபூ ஸைத் அல்பல்கீ (இறப்பு கி.பி. 934). ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்ற நூலில் உடலின் நலத்தையும் மனத்தின் நலத்தையும் சேர்த்தே ஆராய்ந்தார். துக்கத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒன்று, உறவினரையோ பொருளையோ இழந்ததால் வரும், காரணம் தெரிந்த துக்கம். மற்றது, காரணமே தெரியாமல் வந்து பிடிக்கும் துக்கம். இரண்டாவது உடலிலிருந்து எழுவது, அதற்கு உடலுக்கான மருத்துவமும் வேண்டும் என்றார். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் சொன்னது! சூடான் நாட்டு மனநூலறிஞர் மாலிக் பத்ரி அந்நூலின் மனநலப் பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 2013-ல் அது வெளிவந்தது.

அல்பல்கீ இன்னொன்றும் கூறினார். திடீர் நோய்க்காக வீட்டில் மருந்து சேமித்து வைப்பதுபோல, மனம் நலமாயிருக்கும் நாட்களிலேயே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைத்துக்கொள். துன்பம் வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய ஆலோசனை. இதை நவீன ஆய்வோடு சேர்த்துப் பார்க்கும்போது வியப்பாயிருக்கிறது. 2013-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், மனச்சோர்வு உள்ளவர்களிடம் அவரவர் வாழ்விலிருந்து பதினைந்து நல்ல நினைவுகளைத் திரட்டச் செய்து, அவற்றை நன்கு தெரிந்த ஒரு வீட்டின் அல்லது ஒரு பாதையின் இடங்களோடு ஒவ்வொன்றாகப் பொருத்தி வைக்கப் பழக்கினார்கள். ஒரு வாரம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் கேட்டபோது, இடத்தோடு பொருத்தி வைத்தவர்களுக்கு அந்நினைவுகள் நழுவாமல் இருந்தன. வேறு வழியில் மனனம் செய்தவர்களுக்குக் குறைந்துபோயிருந்தன.

அதே 2013-ல் ஈரானின் இஸ்ஃபஹான் நகரிலிருந்து வெளியான ஆய்வு ஒன்று நம் மனத்தைத் தொட்டது. ஆப்கான் போரில் தந்தையை இழந்து அகதிகளாக வந்த இளம் பிள்ளைகள், மனச்சோர்வுக்கு ஆளானவர்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு வாரம் ஒரு முறை, ஐந்து வாரம், குறிப்பிட்ட நாட்களை நினைவுகூரும் பயிற்சி மட்டும் அளித்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களின் மனச்சோர்வு பெறாதவர்களைவிடக் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், இதை வைத்துப் பெரிய முழக்கம் செய்ய முடியாது. என்றாலும் வாப்பாவை இழந்த பிள்ளைக்கு, வாப்பாவோடு இருந்த ஒரு நாளை முழுமையாக நினைக்க முடிந்தது என்பது சிறிய காரியமா?

வீட்டார் செய்யக்கூடியது

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். இதைப் படித்தவுடன் கல்யாண ஆல்பத்தை எடுத்துக்கொண்டு நோயாளியிடம் ஓடிவிட வேண்டாம். நோய் முற்றியிருக்கும் நிலையில், ‘சந்தோஷமான நாளை நினைத்துப் பார்’ என்று தூண்டினால் துக்கம் அதிகமாகக்கூடும் என்று 2007-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. அன்று அப்படி இருந்தேன், இன்று இப்படி ஆனேன் என்ற ஒப்பீடு உடனே வந்துவிடுகிறது. ‘எவ்வளவு நல்லா இருந்தே! இப்ப ஏன் இப்படி?’ என்ற நம் வழக்கமான கேள்வி இந்த ஒப்பீட்டை நாமே கையில் எடுத்துக் கொடுப்பதாகும்.

நாசரேத்து வீட்டில் இதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் அந்த அம்மையாரின் தங்கை. அவர் மனநூல் எதுவும் படித்தவரல்லர். உடன்குடியிலிருந்து வந்து, லாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். சிறிது நேரம் கழித்து, “லாத்தா, வெள்ளம் வந்தன்னிக்கு நம்ம கடைச் சாமான எல்லாம் யாரு மாடியில தூக்கி வச்சா?” என்று கேட்டார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் கண்ட மழையை யார் மறப்பார்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அந்த அம்மையார் வெகு நேரம் பேசவில்லை. தங்கையும் மறுபடி கேட்கவில்லை, கீரையை உருவிக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல, “எதிர்வீட்டுப் பையன்... டேனியல் வாத்தியார் மவன்னு நினைக்கேன்... இல்லே, அவன் கூட்டாளி. அரிசி மூட்டை நனைஞ்சிருந்துச்சு” என்றார். நல்ல நாள் என்று அதைச் சொல்ல முடியாது. வெள்ளத்தில் நஷ்டப்பட்ட நாள். ஆயினும் அது ஒரு நாள்! தேதியும் முகமும் நனைந்த மூட்டையும் உள்ள ஒரு நாள். சிட்டையின் ஒரு தாள் பிரிந்தது.

தங்கை செய்ததைக் கவனியுங்கள். மகிழ்ச்சியைக் கேட்கவில்லை. ‘ஏன்’ என்று கேட்கவில்லை. ‘யார்’, ‘எங்கே’, ‘என்ன’ என்றே கேட்டார். பதில் வர நேரம் கொடுத்தார். சரியாகச் சொன்னாய் என்று பாராட்டவும் இல்லை. நாம் அங்கே இருந்தபோது இரண்டே கேள்விதான் கேட்டார். களைத்த மனத்துக்கு அதுவே அதிகம்.

இதை மருத்துவத்துக்குப் பதிலாக எவரும் கொள்ளலாகாது. நோய்க்கு மருந்து தேடும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியதில் மனத்தின் நோய்க்கு விலக்கு ஒன்றும் கூறப்படவில்லை. மனநல மருத்துவர் கொடுக்கும் மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கச் சில வாரங்கள் ஆகும். பத்து நாளில் ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று நிறுத்துவதும், சற்றுத் தேறியவுடன் நிறுத்துவதும் நம் வீடுகளில் நடக்கிற இரண்டு பெரிய தவறுகள். மனம் தேறிய பிறகும் சிலருக்கு நினைவின் இந்தப் பொதுப்படைத் தன்மை மட்டும் நீடிப்பதுண்டு. அவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல் என்பதையும் ஆய்வுகள் சுட்டுகின்றன.

இருதுருவ மனநோய் என்று சொல்லப்படும் பைபோலார் நோயிலோ சங்கடம் வேறு விதம். அதில் சோர்வுக் காலமும் உண்டு. உறக்கமின்றி, ஓயாப் பேச்சோடு, தன்னால் முடியாதது ஒன்றுமில்லை என்று திரியும் எழுச்சிக் காலமும் உண்டு. எழுச்சியில் கொடுத்த வாக்குறுதிகள், வாங்கிய கடன்கள், வாய் தவறிச் சொன்ன சொற்கள் எல்லாம் அடங்கிய பின் அந்நியன் ஒருவன் செய்தவைபோல் தோன்றும். ‘இரண்டில் எது நான்?’ என்று அவர் கேட்கும்போது வீட்டார் எழுச்சிக் காலத்துச் செயல்களை மட்டும் வாழ்நாள் முழுவதும் சொல்லிக் காட்டினால், அவருக்குத் தம்மைப் பற்றி வேறு நினைவே மிஞ்சாது. புத்தி பேதலித்தவர் தெளியும்வரை அவர்மீது பேனா உயர்த்தப்பட்டுள்ளது என்ற கருத்திலான ஹதீஸை அறிவோம். அந்நிலையில் தலாக், கொடுக்கல் வாங்கல் போன்றவை நடந்திருந்தால், தாமாக முடிவு செய்யாமலும் நோயை மறைக்காமலும், மருத்துவரின் குறிப்போடு ஆலிம்களிடம் சென்று தீர்ப்புக் கேட்பதே முறை.

ரமழானைப் பற்றியும் ஒரு சொல். இந்நோய்க்குப் பலருக்கும் கொடுக்கப்படும் லித்தியம் மருந்து, உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் கூடி நஞ்சாகக்கூடும். நோன்புக்கு முன்பே மருத்துவரைக் கேட்டு, தேவையானால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நோன்பு வேண்டாம் என்று அவர் கூறினால், நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை இருக்கவே இருக்கிறது. தாமாகவே மாத்திரையை நிறுத்திவிட்டு நோன்பு வைத்து, பெருநாளன்று மருத்துவமனையில் கிடப்பது தக்வா ஆகாது.

ஏர்வாடியில் வெந்தவர்கள்

இவ்விடத்தில் ஏர்வாடியை நினைக்காமலிருக்க முடியவில்லை. தூத்துக்குடிக்கு வடக்கே, இதே மன்னார் வளைகுடாக் கரையில், இராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள ஊர். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கிருந்த தனியார் மனநோயாளர் விடுதி ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. பின்னாளில் தர்காவுக்கு வருவோருக்கு துஆவோடு மருந்தும் கிடைக்கும்படி அரசு அங்கேயே மனநல சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தது. மனநோயாளியைச் சங்கிலியில் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் எந்த வடிவிலும் தடை செய்திருக்கிறது.

அவர்களில் ஒவ்வொருவரும் யாரோ ஒருவருக்கு வாப்பாவாகவோ காக்காவாகவோ மகளாகவோ இருந்தவர்கள். வீட்டார் கொண்டுவந்து விட்டபோது ‘பைத்தியம்’ என்ற ஒரு சொல்லைத் தவிர அவர்களைப் பற்றி வேறென்ன சொல்லியிருப்பார்கள்? நோயாளி தம் நாட்களை மறப்பது நோயின் குணம். வீட்டாரும் சேர்ந்து அவருடைய நாட்களை மறந்துவிடுவதற்கு எந்த நோயையும் காரணம் சொல்ல முடியாது.

நோயாளி, செத்துவிடலாம் போலிருக்கிறது என்று சொன்னால், ஹராம் என்று எச்சரித்துவிட்டு எழுந்து போகக் கூடாது. அவரைத் தனியே விடாமல் கூட இருந்து, அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். மாவட்டத் தலைநகர அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. நாசரேத்து அம்மையாரையும் தங்கைதான் தூத்துக்குடிக்கு அழைத்துச் சென்றார்.

ஏழெட்டு மாதம் கழித்து அவ்வழியே சென்றபோது அக்கடையில் இறங்கினோம். அந்த அம்மையார் தேநீர் கொண்டுவந்து வைத்தார். முழுமையாகக் குணமாயிற்று என்று சொல்ல முடியாது, மாத்திரை தொடர்கிறது. கணவர் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு பழைய சிட்டைப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அதில் ஒரு பக்கம் சரக்குக் கணக்கு. மறு பக்கத்தில் தேதி போட்டு ஒவ்வொரு வரி. ‘மாதுளை இரண்டு சாப்பிட்டாள்.’ ‘இஷா முழுசாத் தொழுதாள்.’ ‘பேரன் பல் விழுந்ததைக் காட்டினான், சிரித்தாள்.’ நோயாயிருந்த அந்த வருடம் தமக்குப் புகைமூட்டம் போலிருக்கிறது என்றும், சில நாட்களில் அதை எடுத்துப் படித்துப் பார்ப்பதாகவும் அம்மையார் சொன்னார். கல்யாண ஊர்வலம் மழையில் நின்றுபோன கதையை நாம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. புறப்படும்போது கணவர்தான், “அந்த ஹதீஸை நான் அவகிட்ட சொல்லியிருந்தேன், ஆலிம்சா. அதையும் இதுல எழுதி வச்சிருக்கேன்” என்று சொல்லி, தாம் மன்னிப்புக் கேட்ட தேதியை அந்தப் பக்கத்தில் தொட்டுக் காட்டினார்.